நண்டு மட்டும் இரவல் இல்லை

உதவித்தொகை கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் 'குடும்பத்தின் பொருளாதார நிலை' என்ற கட்டத்துக்குள் 'மிக நன்று' என்று எழுதிய முட்டாள் நான்தான். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அப்படி எழுதியவன் நீ ஒருத்தன்தான் என்று அலுவலக மேடம் சொன்னார். பாராட்டிச் சொல்லவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் 'நிலை' என்று முடிகிற கட்டங்கள் நிறைய இருக்கும். எல்லாவற்றிலும் எனக்குச் 'சுமார்'தான் வரும். அதைப் பார்த்துவிட்டு நைனா கையெழுத்துப் போடுவதற்குள் வீட்டில் அம்மா வடிவில் ஒரு புயல் கரை கடந்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கட்டத்தை என்னையே நிரப்பிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் ஏன் கஞ்சத்தனம் பண்ணவேண்டும்?

மேடம் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 'மோசம்' என்று அவர் கையாலேயே எழுதினார். பக்கத்தில் 'மாணவனின் மூளை நிலை' என்று கட்டம் எதுவும் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

நான் இப்படி இருப்பதற்குப் பெரும்பங்கு காரணம் நானேதான். மிச்சப் பங்கு பக்கத்து வீட்டு அத்தைக்குச் சேரும்.

எங்கள் குப்பம், பழவேற்காட்டில் படகேறி ஏரியைத் தாண்டினால் வரும் மணல்திட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல், நடுவில் அத்தை. சொந்த அத்தை இல்லை. நைனா அவளை அக்கா என்பார், அம்மா அண்ணி என்பாள், ஊரில் ஆளுக்கொரு முறை வைத்துக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அச்சில் பெயரைப் பார்த்தால் மார்க்கெட்டில் வைத்தே எனக்குச் செதில் எடுத்துவிடுவாள்.

புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரே மகளை ஆந்திரா பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாள். பழவேற்காட்டு மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்றாள். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பலருக்கும் உள்ள கதைதான். அத்தைக்கு மட்டும் இருந்தது வேறொன்று. 'இல்லை' என்ற சொல் அவள் வாயில் வராது.

அரிசி தீர்ந்துபோனால் அரிசி இல்லை என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்று சொல்லும் வழக்கம் பல வீட்டிலும் உண்டு. அரிசி, உப்பு, மஞ்சள் என்று அது நாலைந்து பொருளோடு நின்றுவிடும். அத்தை அதை உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் நீட்டிவிட்டாள்.

கூடையில் மடவை மீன் மட்டும் கிடக்கும். காரில் வந்து இறங்கிய ஒருவர் வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்பார். வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அத்தை, "வந்துனே கீது சார். அதுக்குள்ள இந்த மடவைய ஒரு பார்வ பாரு" என்பாள். பிறகு அவருடைய ஊர், வேலை, பிள்ளைகள், மாமியாருக்கு மூட்டுவலி எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் மடவை அவர் பைக்குள் போயிருக்கும். அந்த வஞ்சிரம் இன்னமும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

பொன்னேரி பஸ்ஸில் ஒரு நாள் கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"எடம் இல்லம்மா, அடுத்த வண்டில வா."

"காலங்காத்தால வாயத் தொறந்து அந்த வார்த்தய சொல்லாத. நெறஞ்சி கீதுன்னு சொல்லு."

அவருக்குச் சண்டை போட நேரமில்லை. "சரிம்மா, நெறஞ்சி கீது."

"அப்ப நவுந்து உக்காரச் சொல்லு" என்றபடி கூடையோடு ஏறிவிட்டாள்.

யார் எதைக் கேட்டுப் போனாலும் அவளிடம் ஒரே பதில்தான். "குந்து." கேட்டவரை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கமாக ஓடுவாள். எங்கிருந்தாவது வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே வந்து, உள்ளேயிருந்து எடுத்து வருபவள்போல முன்பக்கம் வந்து தருவாள். இதில் எங்கள் வீடும் ஒருமுறை மாட்டியது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், டப்பாவில் இருந்த சர்க்கரை காப்பிக்குப் போதாது என்று அம்மா அவளிடம் கேட்கப் போனாள். அம்மா அங்கே குந்தியிருக்கும்போது அத்தை எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்று, "டேய், கொஞ்சம் சக்கர குடுடா, அவசரம்" என்றாள். நான் தாராள மனதுக்காரன். டப்பாவை அப்படியே கவிழ்த்துக் கொடுத்தேன். அம்மா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து, "அண்ணி தங்கம்டா, கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க" என்று சொல்லி, வாங்கி வந்ததை டப்பாவில் கொட்டினாள். கொட்டியபோதுதான் டப்பா காலியாக இருந்ததைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விருந்தாளிகள் இருந்ததால் நான் பிழைத்தேன்.

சிரிக்க முடியாமல் போனதும் ஒரு தடவை உண்டு. பெரிய குண்டானை எடுத்து வரச்சொல்லி என்னை அவள் அடுப்படிக்குள் அனுப்பியிருந்தாள். சட்டிகள் வரிசையாக இருந்தன. துடைத்துப் பளபளவென்று, ஒவ்வொன்றும் தட்டுப் போட்டு மூடி. வறுத்த மீன் ஏதாவது அகப்படுமா என்று நான் ஒரு மூடியைத் தூக்கினேன். காலி. அடுத்ததும் காலி. திருடனுக்கே உரிய நம்பிக்கையோடு கடைசி வரைக்கும் தூக்கிப் பார்த்தேன். எதிலும் ஒரு பருக்கைகூட இல்லை. திரும்பினால் அத்தை நிற்கிறாள்.

"இன்னாடா தேடுற?"

"ஒன்னும் இல்ல அத்தே."

"எங்க வூட்ல நின்னுனு அந்த வார்த்தய சொல்லாத. கொழம்ப ஆற வெச்சிருக்கேன், அந்தாண்ட."

அந்தாண்டைப் பக்கம் ஏரிதான் இருந்தது. நான் குண்டானைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். நான் பேசாமல் வந்தது மிக அபூர்வம், அதனால்தான் நினைவிருக்கிறது.

இந்த அத்தையின் கையில்தான் என் படிப்பு போய் மாட்டியது.

பொன்னேரிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி. பள்ளிப் படிப்போடு நின்றுபோனவர்களைப் பிடித்து ஒரே வருடத்தில் ஒரு கைத்தொழிலைக் கற்றுத்தந்து அனுப்புகிற இடம். நான் சேர்ந்தது ஏசி மெக்கானிக் படிப்பில். எங்கள் வீட்டில் குளிர்ச்சியான பொருள் என்று அதுவரை இருந்தது நைனாவின் சுபாவம் மட்டும்தான். அந்த மனிதர் படகு இஞ்சினை அடகு வைத்து முதல் பாதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளிக்கொண்டிருந்தார். மறுபாதியைச் செய்முறைத் தேர்வுக்குள் கட்டியாகவேண்டும். கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது. படிப்பும் போய், இஞ்சினும் போய், நான் மீஞ்சூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான். சென்னையில் இருக்கும் ஓர் அறக்கட்டளை இந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது என்றார்கள். அதற்குத்தான் நான் 'மிக நன்று' எழுதியது. மேடம் திருத்தி அனுப்பிவைத்தார். சில வாரத்தில் தகவல் வந்தது: வீட்டைப் பார்க்க ஆபீசர் ஒருவர் வருவார்.

நைனா இதை அத்தையிடம் சொன்னார். அத்தை அரிவாள்மனையைப் படுக்கவைத்துவிட்டு எழுந்தாள்.

"வூடு பாக்க வரானா? எப்போ?"

"நாளான்னிக்கி, அக்கா."

"இந்த வூட்டையா காட்டப் போற?"

அம்மா மெதுவாக, "ஏழைப் புள்ளைங்களுக்குக் குடுக்குற பணமாமே அண்ணி. வூடு இப்டி இருந்தாத்தான..." என்று இழுத்தாள்.

"நீ சும்மா இரு. டேய், இங்க வா. வியாபாரி நம்ம ஆளுக்கு முன்பணம் குடுக்கறதுன்னா இன்னாத்தப் பாப்பான்?"

"மீன" என்றேன்.

"மூஞ்சி. மீனு இன்னும் தண்ணிக்குள்ள கீது, அத எப்டிப் பாப்பான்? வலயப் பாப்பான். படகப் பாப்பான். கிழிஞ்ச வலக்காரனுக்கு எவனாவது காசு குடுத்து நீ பாத்துகிறியா? இவங்கிட்ட குடுத்தா வீணாப் போவாதுன்னு அவனுக்குத் தோணணும். அப்பத்தான் மடியத் தொறப்பான்."

நைனா தலையாட்டினார். வாழ்நாள் முழுக்க வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கியவர் அவர். கிழிந்த வலையை உள்ளே மறைத்து நல்ல வலையை வாசலில் காயப்போட்டவர்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது. எனக்குச் சரியென்று பட்டதையே ஓர் அபாய அறிவிப்பாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் முழுக்க எங்கள் வீட்டுக்குள் சாமான்கள் வந்து இறங்கின. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஊர்த் தலைவர் வீட்டிலிருந்து. சுவரளவு டிவி ஒரு படகுக்காரர் வீட்டிலிருந்து. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, மேசை விசிறி, எவர்சில்வர் டம்ளர் செட். கடைசியாக, புதுசாகக் கல்யாணமான பெண் வீட்டின் சீர்வரிசை ஃபிரிட்ஜ். மணலில் வண்டி வராது என்பதால் அதைக் கழியில் கட்டி, சாமி புறப்பாடு மாதிரி தோளில் தூக்கி வந்தார்கள். அத்தை முன்னால் நடந்து, "பாத்து, பாத்து, கதவு தொறந்துக்கப் போவுது" என்று வழிகாட்டினாள். வழியில் ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டதாகக்கூடச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, பின்பக்கம் கழியைத் தோளில் தாங்கியவன் நான்.

கொண்டுவந்து வைத்த பிறகுதான், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஒயரைச் சுருட்டிப் பின்னால் செருகினோம்.

ஆபீசர் வந்தார். ஒல்லியான மனிதர். படகில் தெறித்த தண்ணீரில் சட்டை நனைந்திருந்தது. அத்தை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, விசிறியை அவர் பக்கம் திருப்பி, டம்ளரில் மோர் கொடுத்தாள். அவர் கேள்வி கேட்க வாயைத் திறந்தபோது அதற்குள் இலை வந்துவிட்டது. நண்டு மசாலா, இறால் தொக்கு, மடவை வறுவல். நண்டை எப்படி உடைத்துத் தின்பது என்று தெரியாமல் அவர் தடுமாற, அத்தை பக்கத்தில் குந்தி உடைத்து உடைத்து வைத்தாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

"ஓடுற சத்தமே கேக்கலையே?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் ஏசி மெக்கானிக் படிக்கிற ஒருவனிடம் ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டால்?

"அதான் சார் இதோட விசேஷம். ஓடுறதே தெரியாம ஓடும்" என்று தொடங்கி, கம்ப்ரசர் எப்படி வேலை செய்கிறது, வாயு எங்கே சூடாகி எங்கே குளிர்கிறது என்று முதல் பருவப் பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். ஒயரைச் சுருட்டி மறைத்த ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

பிறகு அத்தையிடம் திரும்பினார். "பக்கத்து வீடாம்மா நீங்க? இவங்களுக்குக் கஷ்டம் ஏதாவது?"

"கஷ்டமா? இவங்களுக்கா? நல்லா கேட்ட போ. ராஜா மாதிரி கீறாங்க சார்!"

நைனா தன் பங்குக்கு மீசையைத் தடவிக்கொண்டார். ஆபீசர் கிளம்பும்போது அத்தை அவர் கையில் ஒரு தூக்குச்சட்டி நண்டும் கொடுத்தனுப்பினாள். கரைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "வலயப் பாத்துட்டான். இனிமே பயப்படாதே" என்றாள்.

பதில் கல்லூரிக்கு வந்தது. மேடம் என்னைக் கூப்பிட்டு உரக்க வாசித்தார். "வசதியான குடும்பம். குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவை உள்ளன. அக்கம்பக்கத்தாரும் இதை உறுதி செய்தனர். உதவி தேவையில்லை." கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுல நண்டு போட்டீங்களா?"

"ஆமா மேடம். எப்படித் தெரியும்?"

"அதையும் எழுதியிருக்கார்டா. உபசரிப்பு மிகச் சிறப்புன்னு."

நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். ஃபிரிட்ஜ் வரும்போது அவர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் அது வேறு வகை. அவரே சென்னைக்கு போன் போட்டு அரைமணி நேரம் பேசினார்.

"இன்னொரு தடவ வர்றேன்னு சொல்லியிருக்காரு. வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். அப்புறம், போன தடவ பக்கத்து வீட்டம்மா வசதின்னு சொன்னதால, அதே அம்மா அவர் முன்னாடி இல்லைன்னு சொல்லணுமாம். வேற யார் சொன்னாலும் எழுத மாட்டாராம். அவ்வளவுதான், போ."

அவ்வளவுதான் என்று மேடம் சொன்னார். மேடம் பொன்னேரிக்காரர். அத்தையைத் தெரியாது.

அத்தையிடம் சொன்னபோது இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வேற ஆளக் கூட்டினு போயி நிறுத்து."

"நீதான் சொல்லணும்னு சொல்லிட்டாரு அத்தே."

"நான் செத்துட்டேன்னு சொல்லு."

"வூட்டுக்கே வராரு, பக்கத்துல நீ நின்னுனு இருப்ப."

"அப்ப ஊமன்னு சொல்லு."

அம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து இறாலை உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இஞ்சினு போயிடும் அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அத்தை என்னைப் பார்த்து, "சரி, இன்னா சொல்லணும்னு சொல்லிக் குடு" என்றாள்.

அப்படித்தான் ஒத்திகை தொடங்கியது. நான் ஆபீசராகக் காலை மடித்து உட்கார்ந்தேன்.

"இவங்க வூட்ல ஃபிரிட்ஜ் இருக்குதாம்மா?"

"ரிப்பேருக்குப் போயிருக்குது சார்."

"அத்தே!"

"சரி, சரி. திருப்பிக் கேளு."

"டிவி இருக்குதா?"

"அதப் பாக்க இவங்களுக்கு நேரம் ஏது?"

"அத்தே, இல்லன்னு ஒரே ஒரு வார்த்த. வாயத் தொறந்து சொல்லு. இல்-ல."

அத்தை வாயைத் திறந்தாள். உதடு வரை ஏதோ வந்தது. பிறகு கொட்டாவியாக வெளியேறியது. "தலய மட்டும் ஆட்டுனா போதாதா?" என்றாள். ஆட்டிக் காட்டினாள். ஆமாம் என்பதற்கும் அதற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நைனா வாசலில் வலை தைத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "மீஞ்சூர்ல தெரிஞ்ச ஆளு இருக்குறான், சொல்லி வெக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஆபீசர் வருகிற நாளில் நான் அத்தைக்குத் தடைச்சட்டம் போட்டிருந்தேன். நாற்காலி கூடாது, டம்ளர் கூடாது, நண்டின் வாசனைகூட வரக்கூடாது. வீடு வீடாகவே இருந்தது. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஓரத்தில் வலைக் குவியல்.

அன்று பார்த்து ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகு பாதி வழியில் தரைதட்டி, மனிதர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தார். வீட்டுக்குள் வந்து உட்கார இடம் தேடினார். கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். வெயிலில் முகம் சிவந்து, காலெல்லாம் சேறாக ஒரு விருந்தாளி தன் கண்முன்னால் மீன் பெட்டியில் உட்கார்ந்திருப்பதை அத்தையால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். கை மட்டும் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தது.

"இங்க ஒரு ஃபிரிட்ஜ் இருந்துச்சே?" என்றார் அவர்.

என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் சரியாக வாயை மூடியிருந்தேன். அத்தையைப் பார்த்தார்.

"நீங்கதான சொன்னீங்கம்மா, ராஜா மாதிரி இருக்காங்கன்னு?"

அத்தை சுவரிடமே பேசினாள்.

"ஃபிரிட்ஜு எரவல் சார்."

"டிவி?"

"எரவல். நீ குந்துன சேரு எரவல். மோரு குடிச்ச டம்ளரு எரவல்."

அவர் எழுதிக்கொண்டே போனார். "அப்ப அந்த நண்டு?"

அத்தை விருட்டென்று திரும்பினாள். "நண்டு எங்க ஏரில புடிச்சது. அத எரவல்னு எழுதிடாத, சொல்லிட்டேன்!"

"எழுதல, எழுதல" என்று அவர் பேனாவை உயர்த்திக் காட்டினார். பிறகு, கொஞ்சம் மெதுவாகவே கேட்டார். "அப்ப இந்த வீட்டுல என்னதாம்மா இருக்கு?"

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்தது எனக்காக இல்லை, அவள் சொல்வதைப் பார்க்கவேண்டாம் என்றுதான்.

"இல்ல."

"என்னம்மா?"

"இல்ல சார். ஒன்னும் இல்ல. இஞ்சினு அடகுல கெடக்குது, இவன் படிக்கிறதுக்கு. எந்தம்பி இந்த வயசுல கழி ஊனினு போறான். இவனுக்குப் பணம் கட்ட வழி இல்ல. எழுதிக்கினியா? இன்னொரு தபா என்னால சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு நேராக வெளியே போனாள். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால்கூட அவ்வளவு கொப்பளிக்கமாட்டாள்.

அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "எழுதி முடிச்சதும் கை கழுவினு வரச் சொல்லுடா. சோறு எங்க வூட்ல."

ஆபீசர் என்னைப் பார்த்தார். போகலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. "போயிடுங்க சார்" என்றேன். "போவலன்னா வேற மாதிரி ஆயிடும்." அவர் போய் அவள் வாசலில் உட்கார்ந்தபோது, அத்தை ஒரு கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்பக்கமாக அடுத்த தெருவுக்கு ஓடுவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் என்ன சாப்பிட்டார், அது யார் வீட்டுக் குழம்பு என்பது எனக்குத் தெரியாது. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பணம் நேராகக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது ஒரு ஃபிரிட்ஜ். முதல் வேலையாக ஒயர் பிளக்கில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. தேறிவிட்டேன். மீஞ்சூருக்கு மூட்டை தூக்கப் போகாமல், மீஞ்சூருக்கே ஏசி பழுதுபார்க்கப் போனேன். ஊர் மாறவில்லை என்றாலும் மரியாதை மாறியது. முதல் சில மாதச் சம்பளத்தில் இஞ்சினும் திரும்பி வந்தது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது, எனக்குள் ஓர் அறிவாளி முளைத்திருந்தான். உதவித்தொகை வாங்கிப் படித்தவன் அல்லவா? யார் யாருக்கு எங்கே என்ன உதவி கிடைக்கும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருப்பதாக எனக்கு நினைப்பு. புருஷனை இழந்து தனியாக இருக்கிற பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது. குப்பத்தில் பலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் அதற்கு எழுதியே போட்டதில்லை என்று அம்மா சொன்னாள். ஏன் என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

அத்தை மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை அலசிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"அத்தே, நான் லீவு போட்டுனு வரேன். பொன்னேரிக்கு நானே கூட்டினு போறேன், நானே எழுதறேன். நீ ஒன்னும் பண்ண வேணாம். ஆபீஸ்ல கேட்டா மட்டும், வூட்ல ஒன்னும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. அன்னிக்கி எங்களுக்காகச் சொன்னல்ல, அதே மாதிரிதான். ஒரே ஒரு தபா."

அத்தை கூடையை உதறிக் கவிழ்த்தாள். சதையில்லாத நண்டைத் தூக்கிப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இல்லாதது ஒங்க வூட்லதானடா."